பாட்டனார் பிறந்த ஊர்

கதை எழுதுகிறவன் கட்டுரை எழுத உட்கார்ந்தாலும் பழைய வழக்கம் விடுவதில்லை. ஆகவே, முதலில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ள எனக்கு அனுமதி கொடுங்கள். அந்தக் குடும்பத்துக்குப் பெயர் வைக்கப் போவதில்லை. நியூயார்க் நகரத்தில் புரூக்ளின் பகுதியில் வசிக்கும் இத்தாலிய வம்சத்துக் குடும்பம் என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

அந்த வீட்டுக் கடைசி அத்தை தொண்ணூற்றெட்டு வயதில் காலமாகிவிட்டாள். வீட்டைக் காலி செய்யும்போது, பரணிலிருந்து ஒரு பழைய பிஸ்கோத்து டப்பா அகப்படுகிறது. அண்ணன் மகன், அவருக்கும் எழுபது வயது ஆகிவிட்டது, அதைத் திறந்து பார்க்கிறார். உள்ளே ஒரு ஜெபமாலை. காலில் புண்ணும் பக்கத்தில் நாயுமாக நிற்கும் புனித ரோக்கோவின் சின்னப் படம். ஓரம் பழுத்துப்போன ஒரு போட்டோ. போட்டோவில் மீசைக்காரர் ஒருவர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். பின்னால் அவர் தோளில் கையை வைத்தபடி ஒரு பெண். அவ்வளவுதான். கடிதம் ஒன்றுகூட இல்லை. கடிதம் இருக்க வேண்டுமானால் யாராவது ஒருவருக்கு எழுதத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

அத்தை உயிரோடிருந்த காலத்தில் அவர் இரண்டு கேள்விகள் கேட்டதுண்டு. "தாத்தாவுக்கு எந்த ஊர், அத்தை?" "நேப்பிள்ஸ் பக்கம்." "நம் பெயரில் ஓர் எழுத்துக் குறைகிறதே, ஏன்?" "கப்பலிலிருந்து இறங்கிய இடத்தில் இருந்த குமாஸ்தா அந்த எழுத்தை விழுங்கிவிட்டான்."

இந்த இரண்டு பதில்களும், வார்த்தை மாறாமல், அமெரிக்காவில் லட்சக்கணக்கான இத்தாலிய வீடுகளில் சொல்லப்பட்டு வருகின்றன. இரண்டையும் அப்படியே நம்புவதற்கில்லை. நேப்பிள்ஸ் என்பது கப்பல் ஏறிய துறைமுகம். எழும்பூரில் ரயில் ஏறியவர்கள் எல்லாம் எழும்பூர்க்காரர்கள் ஆகிவிடுவார்களா? ஆனால், குழந்தைகளிடம் வாய்க்குள் நுழையாத ஒரு மலைக் கிராமத்தின் பெயரைச் சொல்லி விளக்குவதைவிட, "நேப்பிள்ஸ் பக்கம்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைக் கவனிப்பது சுலபம். அந்தச் சுலபத்தில்தான் ஊர் தொலைந்துபோயிற்று.

எத்தனை பேர் இப்படிப் புறப்பட்டார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1876-க்கும் 1976-க்கும் இடைப்பட்ட நூறு வருஷத்தில் இத்தாலியை விட்டு வெளியேறியவர்கள் ஏறக்குறைய இரண்டு கோடியே அறுபது லட்சம். பிரேசிலுக்கும் அர்ஜென்டைனாவுக்கும் பிரான்ஸுக்கும் போனவர்கள் போக, 1880 முதல் 1924 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு வந்தவர்களே நாற்பது லட்சத்துக்கு மேல். பெரும்பாலோர் தெற்கத்திக்காரர்கள்: சிசிலி, கலாபிரியா, பசிலிகாத்தா, காம்பானியா. நிலம் வேறொருவனுடையது, மலேரியா தங்களுடையது. கோதுமையை மாவாக அரைப்பதற்கே 1868-ல் ஒரு வரி போட்டார்கள்; அதை முழுவதும் எடுப்பதற்கு 1884 ஆயிற்று. அந்த ஜனங்கள் ஏன் கப்பல் ஏறினார்கள் என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

தமிழ் படித்த நமக்கு நன்றாகத் தெரிந்த இத்தாலியர் ஒருவர் உண்டு. வீரமாமுனிவர் கஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற ஊரில் 1680-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி பிறந்தார் என்று நாம் தேதியோடு சொல்லிவிடுகிறோம். அவர் படித்தவர், சங்கத்தைச் சேர்ந்த துறவி, அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதி வைத்தார்கள், அவரும் எழுதி வைத்தார். அவருக்கு இருநூறு வருஷம் பின்னால் பிறந்த ஒரு கூலிக்காரன் எங்கே பிறந்தான் என்பது அவனுடைய சொந்தப் பேரனுக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. குடும்பத்தில் காகிதம் இல்லை என்பதனால் காகிதமே இல்லை என்று ஆகிவிடாது. அந்தக் கூலிக்காரனைப் பற்றியும் எழுதி வைத்தவர்கள் உண்டு. அவர்கள் அவனுக்கு உறவில்லை, சிநேகிதரும் இல்லை. வரி வசூலிக்கிறவன், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறவன், கப்பல் கம்பெனிக் குமாஸ்தா, ஊர்ப் பாதிரியார், சந்தேகப்பட்ட போலீஸ்காரன், இவர்கள்தான் அவனுடைய சரித்திராசிரியர்கள். நம் பெரியவர் பிஸ்கோத்து டப்பாவை மூடி வைத்துவிட்டு இவர்களிடம்தான் போக வேண்டும்.

முதலில் அமெரிக்காவில் இருப்பதைப் பார்ப்போம். இங்கே நெருப்பு இரண்டு தடவை குறுக்கிட்டிருக்கிறது. எல்லிஸ் தீவில் குடியேறுகிறவர்களைப் பரிசோதிக்கும் நிலையம் 1892-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி திறக்கப்பட்டது. பைன் மரத்தால் கட்டிய கட்டடம். 1897 ஜூன் 15-ந் தேதி அதிகாலையில் அது முழுவதும் எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் 1855 முதல் சேர்த்து வைத்திருந்த குடியேற்றப் புத்தகங்கள் சாம்பலாயின. ஆனாலும், சுங்க இலாகாவினர் கப்பல் தலைவர்களிடமிருந்து தனியாக ஒரு ஜாபிதா வாங்கி வேறிடத்தில் வைத்திருந்தார்கள். அந்த ஜாபிதாக்கள் பிழைத்துக்கொண்டன.

இரண்டாவது நெருப்பு 1921-ம் வருஷம் ஜனவரியில், வாஷிங்டன் நகரத்தில். 1890-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின் மூலத்தாள்களில் பெரும்பகுதி அதில் பாழாயிற்று. மிச்சத்தையும் பிற்பாடு அழித்துவிட்டார்கள். மூன்று வருஷம் கழித்து, 1924-ல், அமெரிக்கா ஒரு சட்டம் செய்து வெளிநாட்டாரின் வருகைக்கு அளவு கட்டியது. எந்த நாட்டுக்கு எவ்வளவு இடம் என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டது இதே 1890-ம் வருஷத்துக் கணக்கின் மொத்தத் தொகைகளைத்தான். அந்த வருஷத்தில் இத்தாலியர்கள் அமெரிக்காவில் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள் என்பது சட்டம் செய்தவர்களுக்குத் தெரியும். 1907-ல் ஒரே வருஷத்தில் இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் பேர் வந்து இறங்கிய தேசத்துக்கு, வருஷம் நாலாயிரத்துக்கும் குறைந்த இடங்களே கிடைத்தன.

இனி, எழுத்தை விழுங்கிய குமாஸ்தாவுக்கு வருவோம். அந்தப் பிராணி உண்மையில் இருந்ததில்லை. எல்லிஸ் தீவில் இருந்த அதிகாரிகள் யாருடைய பெயரையும் புதிதாக எழுதவில்லை. கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில், கப்பல் கம்பெனி ஆட்கள் தயாரித்த ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னார்தானா நீ?" என்று கேட்டு ஒத்துப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. கேட்பதற்கு மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள். பின்னால் நியூயார்க்கின் மேயராக விளங்கிய பியொரெல்லோ லா கார்டியா, 1907 முதல் 1910 வரை அந்தத் தீவில் மொழிபெயர்ப்பாளராக உத்தியோகம் பார்த்தவர். அவருடைய தகப்பனாரே தெற்கு இத்தாலியில் செரிஞோலா என்ற ஊர்க்காரர். அவரிடமா இத்தாலியப் பெயரை உச்சரிக்கத் தெரியாமல் போயிருக்கும்?

இந்தக் கட்டுக்கதைக்கு நிரந்தர ஆயுள் கொடுத்தது ஒரு சினிமாப் படம். 1974-ல் வந்த 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். வீட்டோ அந்தோலினி என்ற சிறுவனுக்கு, எல்லிஸ் தீவு அதிகாரி அவன் ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிடுகிறார். வீட்டோ கொர்லியோனே ஆகிவிடுகிறான். பார்க்கிறவர்களுக்கு மனம் பதைக்கிறது. முன்னோரைத் தேடும் தொழிலில் பழுத்தவர்களோ அதைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பையனுக்கு என்ன குறை? குடும்பப் பெயர் போனால் போகிறது. சிசிலியில் எந்த ஊர் என்று அவன் நெற்றியிலேயே எழுதி ஒட்டிவிட்டார்களே! அவனுடைய பேரன் நேராகக் கொர்லியோனேக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்துவிடலாம்.

ஏன் ஊருக்கு இவ்வளவு மதிப்பு என்றால், இத்தாலியில் பிறப்பு, கல்யாணம், இறப்பு ஆகியவற்றை எழுதி வைப்பது 'கொமூனெ' என்று சொல்லப்படும் அந்தந்த ஊர் நிர்வாகம்தான். ஊர் தெரிந்தால் நூறு வருஷம் பின்னால் போவது சில நாள் வேலை. ஊர் தெரியாவிட்டால் ஆயுள் முழுவதும் தேடினாலும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

ஊரைக் கண்டுபிடிக்க நம் பெரியவர் என்ன செய்வார்? பாட்டனார் 1909-ம் வருஷ வாக்கில் வந்தார் என்று வைத்துக்கொள்வோம். அது அதிர்ஷ்டமான காலம். 1893-ல் ஒரு சட்டம் ஜாபிதாவின் கேள்விகளை அதிகப்படுத்திவிட்டது: கையில் எவ்வளவு பணம், யாரிடம் போகிறான், அவன் விலாசம் என்ன என்றெல்லாம். 1907-லிருந்து, புறப்பட்ட நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரும் ஊரும், பிறந்த ஊரும்கூடச் சேர்ந்துகொண்டன. கேள்விகள் பெருகவே ஒரு பக்கம் போதாமல் இரண்டு பக்கம் ஆயிற்று. இங்கேதான் அநேகர் ஏமாறுகிறார்கள். முதல் பக்கத்தில் பாட்டனார் பெயரைக் கண்டதும் கண்ணில் நீர் மல்கி, அதைப் பிரதி எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிடுகிறார்கள். பிறந்த ஊர் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை.

பாட்டியார் விஷயத்தில் வேறொரு சங்கடம். இத்தாலியில் ஒரு பெண் கல்யாணமானாலும் காகிதத்தில் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை. சாகும் வரையில் தகப்பனார் குடும்பப் பெயர்தான். ஆகவே, கணவனிடம் போவதற்காகக் கைக்குழந்தையோடு கப்பல் ஏறியவள் ஒரு பெயரிலும், மடியில் இருக்கும் குழந்தை வேறு பெயரிலும் ஜாபிதாவில் இருப்பார்கள். தனியாக வந்த பெண்ணை, வாங்கிக்கொள்ள ஆள் வரும் வரையில், தீவை விட்டு வெளியே அனுப்ப மாட்டார்கள். அவர்களுக்கென்று தனி ஜாபிதா உண்டு. யார் வந்து அழைத்துப் போனார்கள் என்பதும் அதில் இருக்கும். அமெரிக்க வழக்கப்படி கணவன் பெயரில் அவளைத் தேடுகிற பேரன், அவள் வரவே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறான்.

ஜாபிதா கைவிட்டால் வேறு வழிகள் இருக்கின்றன. 1906 செப்டம்பர் மாதத்துக்குப் பிறகு அமெரிக்கப் பிரஜை ஆகிறவர்கள் ஒரே மாதிரியான விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறந்த இடம், வந்த கப்பல், தேதி எல்லாம் அதில் கேட்டிருந்தார்கள். 1917-லும் 1918-லும் முதல் உலக யுத்தத்துக்காக இரண்டு கோடியே நாற்பது லட்சம் ஆண்களைப் பதிவு செய்தார்கள். பிரஜை அல்லாதவர்களும் பதிய வேண்டும். பாட்டனார் ஒன்றிலும் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரைத் தேடலாம். இது வேடிக்கையான யோசனை அல்ல. ஒருவன் வந்து வேலை தேடிக்கொண்டு மைத்துனனை வரவழைப்பான், மைத்துனன் தன் சிநேகிதனை வரவழைப்பான். ஊரே ஒரு தெருவுக்கு வந்து சேர்ந்துவிடும். பென்ஸில்வேனியாவில் ரோசெத்தோ என்று ஓர் ஊர் இருக்கிறது. இத்தாலியில் ரோசெத்தோ வல்போர்த்தோரே என்ற மலை ஊரிலிருந்து கல் உடைக்க வந்தவர்கள், பெயரையும் கூடவே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

சாமியும் சாட்சி சொல்லும். புரூக்ளினில் வில்லியம்ஸ்பர்க் பகுதியில், 1903 முதல், புனித பவுலினோவுக்கு ஒரு விழா நடக்கிறது. நம் ஊர்த் தேரைப்போல் உயரமான ஒரு கோபுரத்தை, வாத்தியக்காரர்களோடு சேர்த்துத் தோளில் தூக்கி ஆடுவார்கள். பவுலினோ, நேப்பிள்ஸுக்கு அருகிலுள்ள நோலா என்ற ஊருக்கு உரிய சாமி. பாட்டனார் அந்தக் கோபுரத்துக்குத் தோள் கொடுத்தவரானால், நோலாவில் தேடலாம். நம் பெரியவருக்குக் கிடைத்த படமோ ரோக்கோவுடையது. கொள்ளைநோயிலிருந்து காப்பாற்றும் சாமியாகையால் அவரைக் கும்பிடாத ஊரே தெற்கில் அபூர்வம். பயனில்லை.

சந்தேகம் வளர்த்த காகிதங்களும் உண்டு. 1940-ல் பிரஜை அல்லாத எல்லோரையும் பதிவு செய்து கைரேகை எடுத்தார்கள். 1941 டிசம்பரில் யுத்தம் மூண்டதும், பிரஜை ஆகாத இத்தாலியர் சுமார் ஆறு லட்சம் பேர் 'எதிரி நாட்டு அந்நியர்' ஆனார்கள். 1942 அக்டோபர் 12-ந் தேதிதான் அந்தப் பட்டம் நீங்கியது. அமெரிக்காவே தலைமேல் தூக்கிவைத்து ஆடிய பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோவின் தகப்பனார் ஜுசெப்பே, பலெர்மோ அருகில் இசோலா தெல்லே பெம்மினே என்ற கடலோர ஊரிலிருந்து வந்த செம்படவர். நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கே வாழ்ந்தும் பிரஜை ஆகியிருக்கவில்லை. அவரும் எதிரிதான். அந்தக் கைரேகைத் தாளில் அவமானம் இருந்தது. பிறந்த ஊரும் இருந்தது. இன்று ஒரு பேரன் அதைப் பிரித்துப் பார்க்கும்போது எதற்காக முதலில் கண் கலங்குவான் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நிற்க. நம் பெரியவர் இரண்டாம் பக்கத்தைப் பார்த்துவிட்டார். பசிலிகாத்தா மலைகளில் ஒரு சிற்றூர். நேப்பிள்ஸிலிருந்து எவ்வளவோ தூரம். இனிமேல் இத்தாலிக்குப் போவோம்.

அந்நாட்டின் தெற்கே ஏழைகளை எழுதி வைக்கும் வழக்கத்தை நன்றாக வேரூன்ற வைத்தவர்கள் நெப்போலியனின் ஆட்கள். நேப்பிள்ஸ் ராஜ்யத்தில் 1809-லும், சிசிலியில் 1820-லும் சர்க்கார் பதிவு தொடங்கியது. ஒன்றுபட்ட இத்தாலிக்கு 1866-ல் பொதுவாயிற்று. அதற்கு முன்னால் வேண்டுமானால் மாதா கோயில் ஞானஸ்நானப் புத்தகங்கள் இருக்கின்றன. திரெந்து சங்கம் 1563-லேயே அதைக் கட்டாயமாக்கிவிட்டது. சர்க்கார் பதிவில் ஒரு நல்ல ஏற்பாடு: எல்லாவற்றிலும் இரண்டு பிரதிகள். ஒன்று ஊரில், ஒன்று நீதிமன்றத்தில். 1943 செப்டம்பர் 30-ந் தேதி, நேப்பிள்ஸ் ஆவணக் காப்பகத்தார் பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு கிராமத்து மாளிகையில் கொண்டுபோய் வைத்திருந்த பொக்கிஷங்களை ஜெர்மன் சிப்பாய்கள் எரித்தார்கள். ஆஞ்ஜூ வம்சத்து அரசர்களின் பதிவேடுகள், ஒரே பிரதிதான், அதில் போயின. ராஜாக்களின் ஆணைகள் போய்விட்டன. ஆடு மேய்த்தவனுக்குப் பிள்ளை பிறந்த நேரம் இரண்டு பிரதியாக இருக்கிறது. இப்போது இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்கள் இவற்றில் லட்சக்கணக்கான பக்கங்களைப் படம் பிடித்து, 'அந்தெனாத்தி', அதாவது 'முன்னோர்', என்ற இணையதளத்தில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. புரூக்ளினில் இருந்தபடியே புரட்டலாம்.

புரட்ட ஆரம்பித்ததும் ஒரு தொல்லை. முதல் பிள்ளைக்குத் தகப்பனைப் பெற்ற தாத்தாவின் பெயர், இரண்டாவது பிள்ளைக்குத் தாயைப் பெற்ற தாத்தாவின் பெயர். பெண்களுக்கும் அப்படியே பாட்டிமார் பெயர். 'பெயரன்' என்பதைத்தான் 'பேரன்' ஆக்கிக்கொண்டிருக்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஐந்து சகோதரர்கள் இருந்தால், ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே வயதில், ஒரே ஊரில் ஐந்து பையன்கள்! யார் நம்முடையவர்? தாயாரின் பெயரை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அங்கே பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரை விடாதது, கப்பலில் கொடுத்த கஷ்டத்துக்கெல்லாம் இங்கே ஈடு செய்துவிடுகிறது. பிள்ளை இறந்துபோனால், அடுத்த பிள்ளைக்கும் அதே பெயரை வைப்பார்கள். ஆகவே கண்ட முதல் பதிவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடக் கூடாது. அது எட்டு மாதத்தில் கண்மூடிய அக்காளுடையதாக இருக்கலாம்.

நேப்பிள்ஸ் ராஜ்யத்தில் கல்யாணத்துக்குக் கேட்ட காகிதக் கட்டு ஒன்று உண்டு. மணமக்களின் பிறப்புப் பதிவு, பெற்றோர் இறந்திருந்தால் அதற்கு அத்தாட்சி. தகப்பன் இறந்திருந்தால் சம்மதம் கொடுக்கும் உரிமை தாத்தாவுக்கு. அவரும் இல்லையென்றால் அவர் செத்ததற்கும் அத்தாட்சி வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளப் போன ஏழைப் பையன் என்ன பாடுபட்டிருப்பான்! ஆனால் அவன் பட்ட பாட்டினால் மூன்று தலைமுறை ஒரே கட்டில் கிடைத்துவிடுகிறது. பட்டாளப் புத்தகமும் இருக்கிறது. ஊரில் பிறந்த ஒவ்வோர் ஆணையும் அதில் எழுதுவார்கள். உயரம், தலைமயிர் நிறம், தொழில், எழுத்து வாசனை உண்டா என்பது வரையில். கூப்பிட்ட நாளில் அவன் அமெரிக்காவில் இருந்தால், வரத் தவறியவன் என்று குறித்துக்கொள்வார்கள்.

எல்லாத் தேடலும் இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்குமா? சில வம்சங்கள் ஒரு சுவரில் முட்டி நின்றுவிடும். குடும்பப் பெயர் எஸ்போசீத்தோ என்று இருந்தால், எங்கேயோ ஒரு தலைமுறையில் ஒரு குழந்தை, இரவில், ஒரு சுழல் பெட்டியில் வைக்கப்பட்டது என்று அர்த்தம். நேப்பிள்ஸில் அன்னுன்சியாத்தா ஆசிரமத்தின் சுவரில் அந்தப் பெட்டி இருந்தது. வெளியே வைத்துத் திருப்பினால் உள்ளே போய்விடும். வைத்தவள் முகம் யாருக்கும் தெரியாது. 1875 வரை அது சுழன்றது. 1814-ல் மன்னர் முரா அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று தடுத்தார். அதற்குப் பிறகு அதிகாரிகள் மனம்போனபடி பெயர்களை உண்டாக்கினார்கள். அப்படிப்பட்ட குழந்தையின் பதிவில் பெற்றோருக்குரிய இடத்தில் 'தெரியாது' என்று இருக்கும். குழந்தை உடுத்தியிருந்த துணியை மட்டும் விவரமாக எழுதியிருப்பார்கள். புளோரென்ஸில், 1445-ல் தொடங்கிய இன்னொசென்டி ஆசிரமத்தில், தாய்மார் குழந்தையோடு விட்டுப்போன பாதிப் பதக்கங்களை இன்றும் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுகிறார்கள். மறுபாதியை அவர்கள் வைத்துக்கொண்டு போனார்கள், ஒரு நாள் திரும்பி வந்து அடையாளம் காட்டுவதற்காக. காட்சிக்கு இருக்கும் பாதிகள் யாரும் வராதவர்களுடையவை.

இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சிலருக்கு இத்தாலியப் பிரஜா உரிமை வேண்டியிருந்தது. எத்தனை தலைமுறைக்கு முன்னால் போனவர் வழியிலும் கேட்கலாம் என்று நெடுங்காலம் இருந்தது. 2025 மார்ச் மாதத்து அவசரச் சட்டமும், மே மாதத்தில் அதை நிலைநாட்டிய சட்டமும், பொதுவாக அதைப் பெற்றோர், பாட்டன் பாட்டி என்ற அளவோடு நிறுத்திவிட்டன. நம் பெரியவருக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. எழுபது வயதில் அவருக்குப் புதிய பாஸ்போர்ட் எதற்கு?

அவர் தேடியது கிடைத்துவிட்டது. 1884-ம் வருஷத்துப் பதிவு. காலை ஒன்பது மணிக்குக் குடியானவன் ஒருவன் ஊர் மன்றத்துக்கு வந்து, முந்தின நாள் இரவு, இன்ன தெருவில், தன் மனைவிக்குப் பிறந்த ஆண் குழந்தையைக் காட்டினான். சாட்சிகள் இருவர். ஒருவன் செருப்புத் தைக்கிறவன். பதிவைப் படித்துக் காட்டியபின் கையெழுத்திட்டவர் அதிகாரி ஒருவர் மட்டுமே. மற்றவர்கள் எழுதத் தெரியாது என்று சொன்னார்கள். குடும்பப் பெயரில் அந்த எழுத்து இருக்கிறது. நேப்பிள்ஸில் தயாரான கப்பல் ஜாபிதாவிலும், எல்லிஸ் தீவில் அதை ஒத்துப் பார்த்துக் குறியிட்ட பிறகும், அந்த எழுத்து இருக்கிறது.

பிறகு அவர் பிரஜா உரிமை விண்ணப்பத்தைத் தேடி எடுத்தார். அதன் அடியில் பாட்டனாரே கையெழுத்துப் போட்டிருந்தார். எங்கேயோ, எப்போதோ, அமெரிக்காவில் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறார். எழுத்துக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், குழந்தை எழுதியதுபோல், கோட்டுக்கு மேலும் கீழுமாக நின்றன. நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அந்தப் பெயரைத்தான் பேரன் அறுபது வருஷமாகக் கையெழுத்துப் போட்டு வருகிறார்.